தெப்பத்தின் மேல் ஒரு கோபுரம்

தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் கூடுகிற கூட்டத்தின் கண் முழுக்கச் சாமி மேல்தான் இருக்கும். ஒரே ஒரு முறை, வடத்தை இழுக்கத் தொடங்கும் முதல் நொடியில், தெப்பத்தின் உச்சியைப் பாருங்கள். அடித்தட்டு முன்னே நகர்ந்துவிடும். மேலே உள்ள அலங்காரம் ஒரு கணம் பின்தங்கி, பிறகு முந்தி வந்து, லேசாக ஆடி அடங்கும். குளத்துத் தண்ணீர் அசையாதது, மேலே இருப்பது கனமில்லாதது, அதனால் ஒன்றும் ஆகாது. இதையே 150 மீட்டர் உயரத்தில், உச்சியில் 1000 டன் பாரத்தோடு, அலையடிக்கிற கடலில், 25 வருஷம் செய்யச் சொன்னால் அதுதான் மிதக்கும் காற்றாலை. 150 மீட்டர் என்றால் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உயரம்.

திருமங்கலம் பக்கம் நான்குவழிச் சாலையில் நீண்ட டிரெய்லரில் படுத்தபடி தெற்கே போகும் வெள்ளைக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். கயத்தாறு, முப்பந்தல் பக்கம் நிற்கப்போகிற காற்றாலைக் கோபுரத்தின் துண்டுகள் அவை. அதே கோபுரத்தை ஒரு மிதவை மேல் நட்டுவைத்தால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முடியாது. ஏன் முடியாது என்பதற்கு ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

சர்வதேச எரிசக்தி முகமையின் பெயரில் 2020-இல் வெளியான 15 மெகாவாட் மாதிரிக் காற்றாலை ஒன்று உண்டு. யாரும் அதை விற்பதில்லை. எல்லோரும் கணக்குப் போட்டுப் பார்க்கத் திறந்துவைத்த வடிவமைப்பு அது. சுழலியின், அதாவது இறக்கைகளோடு சுற்றும் பகுதியின், விட்டம் 240 மீட்டர், மைய உயரம் 150 மீட்டர். கடலடியில் ஒற்றைத் தூண் ஊன்றி நிறுத்தும் வடிவில் அதன் கோபுரம் 860 டன். அதே காற்றாலையை மெய்ன் பல்கலைக்கழகம் வடிவமைத்த வால்டர்ன்யுஎஸ்-எஸ் மிதவை மேல் வைத்தபோது கோபுரம் 1263 டன் ஆகிவிட்டது. உயரம் அதே, சுழலி அதே, தயாரிக்கும் மின்சாரமும் அதே. கூடுதலாக 400 டன் இரும்பு எங்கே போனது?

முதலில் கண்ணுக்குத் தெரிகிற காரணம், சாய்வு. காற்று தள்ளும்போது மிதவை சற்றுப் பின்னால் சாயும். 5 டிகிரி சாய்ந்தால் உச்சியில் உள்ள 1000 டன் பாரம், அதாவது சுழலியும் அதன் இயந்திரமும், கோபுரத்தின் அடிக்கு நேர் மேலே இல்லாமல் விலகி நிற்கிறது. அடியிலிருந்து 135 மீட்டர் உயரத்தில் அது இருப்பதால், அந்த விலகல் மட்டுமே கோபுரத்தின் அடியில் சுமார் 115 மெகாநியூட்டன் மீட்டர் வளைப்பு விசையைத் தருகிறது. காற்றின் உந்துவிசை உச்சத்தில் ஏறத்தாழ 2.4 மெகாநியூட்டன். அது தரும் வளைப்பு 324. ஆக, தரையில் நிற்கும் கோபுரத்துக்கு இல்லாத மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சுமை சாய்வினால் மட்டுமே வருகிறது. கோபுரத்தின் சொந்த எடையும் சாய்கிறது. அதற்கு இன்னொரு 45. இவை அசையாமல் நிற்கும் கணக்கு. அலையில் உச்சி முன்னும் பின்னும் ஆடும்போது முடுக்கம் புவியீர்ப்பில் 0.2 பங்கு வரை போகலாம் என்று வைத்தால், 1000 டன் பாரம் கிட்டத்தட்ட 2 மெகாநியூட்டனுக்குக் கோபுரத்தை இழுக்கிறது. காற்று தருவதற்கு ஈடான விசையை அலை தந்துவிடுகிறது.

ஆனால் இது பாதிக் கதைதான். இரும்பை அதிகம் தின்பது அதிர்வெண்.

சுழலி நிமிஷத்துக்கு 5 முதல் 7.56 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு தரம் வரும் உலுக்கல் 0.083 முதல் 0.126 ஹெர்ட்ஸ். தொழிலில் இதை 1பி என்பார்கள். மூன்று இறக்கைகளும் கோபுரத்தைக் கடக்கும்போது வருவது 3பி, அதாவது 0.25 முதல் 0.378 ஹெர்ட்ஸ். கோபுரத்தின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், இந்த இரண்டு பட்டைகளிலும் விழக்கூடாது; விழுந்தால் ஒத்ததிர்வு வந்து ஆட்டம் பெருகும். கடலடியில் ஊன்றிய கோபுரம் 0.17 ஹெர்ட்ஸில், இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரும்பும் மிச்சம்.

மிதவை மேல் ஏற்றியதும் அந்தச் சந்து கைநழுவிப் போகிறது. காவடித் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சுவரில் புதைத்து மறுமுனையில் குடத்தைத் தொங்கவிட்டால் தண்டு முழு நீளத்துக்கும் வளைந்து மெதுவாக ஆடும். அதே தண்டைத் தோளில் வைத்து இரு முனையிலும் சம பாரம் கட்டினால், அசையாப் புள்ளி தோளுக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு பக்கமும் பாதி நீளம்தான் வளைகிறது, ஆட்டம் துடுக்காகிறது. கடலில் மிதவைதான் அந்த இன்னொரு பாரம். நொடிக்கு அரைமுறை ஆடுகிற வேகத்தில் தண்ணீரால் மிதவையைப் பிடித்து நிறுத்த முடியாது. கோபுரம் ஒரு பக்கம் வளைந்தால் மிதவை எதிர்ப்பக்கம் சற்றுத் திரும்புகிறது. அசையாப் புள்ளி கோபுரத்தின் அடியிலிருந்து மேலே ஏறுகிறது. வளையும் நீளம் குறைந்து அதிர்வெண் கூடுகிறது. மிதவை மிகக் கனமாதலால் காவடி அளவுக்குக் கூடாது. ஆனாலும் கரையில் கணக்குப் போட்ட பத்திரமான கோபுரத்தை நேராக 3பி பட்டைக்குள் தள்ளிவிட அது போதும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான். கோபுரத்தின் அடியை இறுக்கிப் பிடித்ததாக வைத்து அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து, அதை அப்படியே மிதவைக் கணக்குக்குள் எடுத்துப்போவது. இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிர்: மிதவையை வளையாத கல்லாகக் கருதுவது. கோபுரம் உட்காரும் இடத்தில் மிதவையின் தகடுகளும் உள்வலுவூட்டிகளும் கொஞ்சம் நெளியும், அதனால் அதிர்வெண் சற்று இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் வரும் எண் எந்தப் பக்கம் தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது.

வால்டர்ன்யுஎஸ்-எஸ் கோபுரத்தின் அதிர்வெண் 0.496 ஹெர்ட்ஸ். 3பி-யின் மேல் விளிம்பையும் தாண்டி ஏற்றியிருக்கிறார்கள். அந்த 400 டன்னில் பெரும்பகுதி இதற்கான விலை. மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் வேறு வழியும் பார்ப்பதுண்டு. கோபுரத்தை மெலிதாகவே விட்டுவிட்டு, ஒத்ததிர்வு வரும் சுழல்வேகத்தில் சுழலி நிற்காமல் சட்டென்று தாண்டிப் போகும்படி கட்டுப்பாட்டு மென்பொருளில் எழுதிவைப்பது. தாளில் அழகாக இருக்கும். காற்று அந்த வேகத்திலேயே மணிக்கணக்கில் நிலைத்து நிற்கிற நாளில் சுழலி மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் கோபுரம் வாங்கிக்கொள்ளும். சிறு காற்றாலைக்கு வேண்டுமானால் பார்க்கலாம். 15 மெகாவாட்டுக்கு இரும்பைப் போடுவதே மேல்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கோபுரத்துக்கு அந்தப் பயம் வேறு மாதிரி. காற்று வலுக்க வலுக்கத் தள்ளும் விசையும் ஏறிக்கொண்டே போவதில்லை. முழு மின்உற்பத்தியை எட்டும் நொடிக்குப் பத்துப் பதினோரு மீட்டர் வேகத்தில்தான் உந்துவிசை உச்சம். அதற்கு மேல் இறக்கைகள் திரும்பிக்கொண்டு காற்றை நழுவவிடும், விசை குறையும். மிதவையில் இதுவே வினையாகிறது. மிதவை முன்னால் சாயும்போது சுழலி காற்றை எதிர்த்துப் போகிறது. காற்று கூடிவிட்டது என்று நினைத்துக் கட்டுப்பாடு இறக்கையைத் திருப்ப, தடுத்து நிறுத்தவேண்டிய விசை குறைந்து மிதவை இன்னும் முன்னால் போகிறது. பின்னால் சாயும்போதும் இதுவே தலைகீழாக. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி. அமெரிக்காவின் 5 மெகாவாட் மாதிரியை ஹைவிண்ட் வகை மிதவையில், அதாவது நீரில் செங்குத்தாக நிற்கும் நீண்ட உருளையில், ஏற்றிக் கணக்கிட்டபோது, மிதவையின் சாய்வாட்டம் 0.034 ஹெர்ட்ஸ் என்பதால், கட்டுப்பாட்டின் துடிப்பை அதற்குக் கீழே 0.032-க்கு இறக்கித்தான் நிலைநிறுத்தினார்கள். கரையில் அது 0.095. கட்டுப்பாடு மந்தமானால் சுழல்வேகம் கொஞ்சம் அலைபாயும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கோபுரத்தின் ஆயுளை மென்பொருள்காரர் பாதி தீர்மானிக்கிறார் என்பதை இரும்புக்காரர்கள் லேசில் ஒத்துக்கொள்வதில்லை.

சரி, இத்தனை சுமையும் சேர்ந்து இரும்பில் எவ்வளவு தகைவை, அதாவது ஒவ்வொரு அலகுப் பரப்பிலும் விழும் விசையை, தருகிறது? அடி விட்டம் 10 மீட்டர், தகடு 80 மி.மீ என்று வைத்தால், மேலே சொன்ன 324, 115, 45 மூன்றும் சேர்ந்து சுமார் 77 மெகாபாஸ்கல். எஸ்355 என்ற தர இரும்பு அந்தத் தடிமனில் 300-க்கு மேல் தாங்கும். பிறகென்ன கவலை என்று தோன்றும்.

இரும்பு ஒரே அடியில் ஒடிவதில்லை, ஓயாத ஆட்டத்தில் சோர்ந்துபோய் விரிசல் விடுகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்பது எல்லோரும் செய்ததுதான். பத்து நொடிக்கு ஒரு அலை என்றால் வருஷத்துக்கு 31 லட்சம் அலை, 25 வருஷத்துக்கு ஏறத்தாழ 8 கோடி. முழு வேகத்தில் 3பி உலுக்கல் அதே காலத்தில் 30 கோடியை ஒட்டும். இரு பக்கமும் பற்றவைத்த வளைய வெல்டிங்குக்கு டிஎன்வி என்ற தரச்சான்று நிறுவனத்தின் விதிமுறை தரும் டி வளைவின்படி (எவ்வளவு தகைவை எத்தனை முறை தாங்கும் என்று வகுப்பு வாரியாகக் காட்டும் கோடு), ஒரு கோடி முறை தாங்கும் தகைவு வீச்சு 52.63 மெகாபாஸ்கல்தான். அதுவும் 25 மி.மீ தகட்டுக்கு. தடிமன் கூடினால் வெல்டிங் விளிம்பில் தகைவு இன்னும் கூர்மையாகக் குவியும். 80 மி.மீ தகட்டுக்கு அந்த எண்ணை 1.26-ஆல் வகுக்கவேண்டும். கிடைப்பது 41.7. சோர்வில் ஆயுள் தகைவின் முப்படிக்கு எதிராக ஓடுவதால், தடிமன் ஒன்றே ஆயுளைப் பாதியாக்கிவிடுகிறது. தகட்டைத் தடிமனாக்குவதைவிட விட்டத்தைக் கூட்டுவதே லாபம் என்பது இதனால்தான். வளைவை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் முப்படியாக ஏறும், தடிமனோ ஒரு படிதான். விட்டத்தை ஏற்றிக்கொண்டே போனால் தகடு டின் டப்பா மாதிரி நசுங்கும் அபாயம் ஒருநாள் குறுக்கே வரும். அதுவரை போகலாம்.

இப்போது ஒரு வெல்டிங்கின் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மூன்று மீட்டர் அகலத் தகட்டை உருட்டி வளையமாக்கி, வளையத்தின் மேல் வளையம் வைத்துப் பற்றவைப்பதுதான் கோபுரம். 135 மீட்டருக்கு 45 வளையம். சுற்று வெல்டிங் மட்டுமே ஒரு கோபுரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். இரண்டு வளையங்களும் முழுக்க வட்டமாக இருப்பதில்லை. சேரும் இடத்தில் ஒரு தகடு உள்ளே, ஒன்று வெளியே என விளிம்பு தப்பி நிற்கும். விதிமுறையின் வளைவுக்குள் கொஞ்சம் விலகல் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அந்த அனுமதியைத் தாண்டி இன்னும் 4 மி.மீ தப்பினால், சிவகாசித் தீக்குச்சி இரண்டை அடுக்கிய கனம், தகைவு 15 சதவீதம் கூடும். முப்படியாக்கினால் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. இவ்வளவுக்கும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கையை வைத்துத் தடவினால் தெரியும். அதனால் வெல்டிங் தொடங்குமுன் சுற்றிவர அளந்து, விலகலை ஒரே இடத்தில் குவியவிடாமல் வளையத்தைத் திருப்பிப் பரப்பவேண்டும். இரண்டு வளையங்களின் செங்குத்து வெல்டிங்கும் ஒரே கோட்டில் வரவும் விடக்கூடாது.

வெல்டிங் திமிலைத் தகட்டோடு தகடாகத் தேய்த்துச் சமமாக்கினால் வகுப்பு இரண்டு படி ஏறி, ஒரு கோடி முறைக்கான எண் 52.63-லிருந்து 65.5 ஆகும். ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் கிரைண்டிங் கோடுகள் கோபுரத்தின் நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஒவ்வொரு கீறலும் விரிசலுக்குப் போட்டுக்கொடுத்த பாதை. தேய்ப்பதற்குக் கொடுத்த காசும் வீண்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த ஆயுளை ஒரு சின்னத் துண்டு கெடுத்துவிடும். ஏணியை, கேபிள் தட்டை, விளக்கை மாட்டுவதற்காகக் கோபுரச் சுவரில் 100 மி.மீ நீளத்துக்கு ஒரு பிராக்கெட்டைப் பற்றவைத்தால், அந்த இடம் எஃப் வகுப்புக்கு இறங்குகிறது. ஒரு கோடி முறைக்கு 41.52. ஆயுள் பாதி. பற்றவைத்தவர் மேல் தப்பில்லை, வெல்டிங் ஒழுங்காகவே இருந்தாலும் இதுதான் கணக்கு. அதனால்தான் உள்ளே வரும் தளங்களைக் கோபுரப் பகுதிகளின் முனையில் உள்ள ஃபிளேஞ்ச் வளையத்தில் போல்ட் போட்டுத் தொங்கவிடுகிறார்கள், சிறு பொருட்களைக் காந்தத்தால் ஒட்டவைக்கிறார்கள்.

ஃபிளேஞ்சைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பகுதிகளை இணைக்கும் எல் வடிவ வளையங்களை உள்பக்கம் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். எம்72 அளவு, 10.9 தர போல்ட் ஒன்றை அதன் வலிமையில் 70 சதத்துக்கு இறுக்கினால் சுமார் 2400 கிலோநியூட்டன். ஒரு போல்ட்டில் கிட்டத்தட்ட 245 டன் பாரத்தைத் தொங்கவிட்ட மாதிரி. இந்த இறுக்கம் இருக்கும்வரை கோபுரம் எவ்வளவு ஆடினாலும் போல்ட்டுக்கு அதில் சிறு பங்குதான் போய்ச்சேரும். மிச்சத்தை அழுந்திக் கிடக்கும் ஃபிளேஞ்சுகள் பார்த்துக்கொள்ளும். இறுக்கம் தளர்ந்தால் ஒவ்வொரு அலையும் நேராகப் போல்ட்டுக்கு. ஃபிளேஞ்சைச் சுவரோடு பற்றவைக்கும்போது வெல்டிங் சுருங்கி அது கொஞ்சம் சரியும். இரண்டு ஃபிளேஞ்சும் முதலில் வெளிவிளிம்பில், சுவருக்கு நேராகத் தொடவேண்டும், இடைவெளி உள்பக்கம் இருந்தால் பரவாயில்லை. மாறாகச் சுவர்ப்பக்கம் இடைவெளி விழுந்தால் போல்ட் நெம்புகோல் மாதிரி இழுபடும். போல்ட்டை இறுக்கி இடைவெளியை மூடிவிடலாம் என்பது பேராசை. இறுக்கம் முழுக்க இடைவெளியை மூடவே செலவாகிவிடும்.

இன்னொன்று, திருகி இறுக்கும்போது போடும் உழைப்பில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மீதியெல்லாம் மரையிலும் நட்டுக்கு அடியிலும் உரசலில் போகிறது. உப்புக்காற்றில் இரண்டு நாள் திறந்துகிடந்து கிரீஸ் காய்ந்த போல்ட்டும் புதுப் போல்ட்டும் ஒரே திருகுக்கு ஒரே இறுக்கம் தராது. கடலில் திருகை நம்பாமல் ஹைட்ராலிக் டென்ஷனரால் போல்ட்டை இழுத்துவைத்து நட்டை உட்காரவைப்பதே நல்லது. வாஷருக்கு அடியில் பெயிண்ட் கனமாக இருந்தால் அது நாளாக நாளாக நசுங்கி இறுக்கம் போகும். அங்கே மெல்லிய பூச்சு போதும், சில நூறு மணிநேரம் ஓடியபின் மறுபடி சோதிக்கவும் வேண்டும்.

பெயிண்ட் கதை நீளமானது. துத்தநாக அடிப்பூச்சு, எபாக்சி, மேலே பாலியூரித்தேன் என்பது எல்லோருக்கும் தெரிந்த வரிசை. கெடுவது பெரும்பாலும் பூச்சினால் அல்ல, அதற்கு அடியில் கழுவாமல் விட்ட உப்பினால். மணல்வீச்சுக்குப் பிறகு உப்பை அளக்காமல் அடித்த பெயிண்ட் கொப்புளம் போடும். கோபுரத்தின் உள்ளே ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்.

மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொண்டால், 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை நிதியுதவி ஒப்புக்கொண்ட தமிழ்நாட்டுப் பங்கான 500 மெகாவாட் ஆழம் குறைந்த பகுதிக்கானது. அங்கே கடலடியில் ஊன்றிவிடலாம். ஐம்பது அறுபது மீட்டர் ஆழத்தைத் தாண்டிப் போகும்போதுதான் மிதவை வருகிறது. அப்படி வந்தால் இந்தக் கடலுக்கென்று ஒரு குணம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஏறக்குறைய ஒரே கோட்டின் இரு முனைகளிலிருந்து வீசுபவை. வருஷம் முழுக்க கோபுரத்தின் தென்மேற்கு, வடகிழக்குச் சுவர்கள்தான் அதிகம் சோர்வடையும். அதனால் அடியில் வெட்டும் கதவுத் துளையை, அது எப்போதும் பலவீனமான இடம், வடமேற்கிலோ தென்கிழக்கிலோ வைப்பது முதல் யோசனை. ஆனால் கள்ளக்கடல் என்று கரையோர மக்கள் சொல்லும் நெடிய அலை தெற்கே வெகு தூரத்திலிருந்து காற்றே இல்லாத நாளிலும் வரும். சுழலி காற்றை நோக்கியிருக்க, அலை பக்கவாட்டில் தள்ளும். முன்பின் ஆட்டத்தைச் சுழலியே காற்றால் அடக்கும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு அந்த அடக்கம் அநேகமாகக் கிடையாது. காற்றும் அலையும் ஒரே திசை என்று வைத்துக் கணக்கை முடித்தவர் கதவை வைத்த இடம் சரியாக அங்கேதான் இருக்கும். கணினியில் பத்து நிமிஷக் காற்றையும் அலையையும் ஓட்டிப் பார்ப்பதும் இங்கே போதாது. மிதவையின் ஒரு சாய்வாட்டமே அரை நிமிஷம் எடுக்கும் என்பதால் ஒவ்வொரு காற்று, அலை, திசைச் சேர்க்கையையும் மணிக்கணக்கில் ஓட்டவேண்டும். ஓபன்ஃபாஸ்ட் மென்பொருளும் அந்த 15 மெகாவாட் மாதிரியும் இலவசமாகவே கிடைக்கின்றன; மதுரையில் இறுதியாண்டு படிக்கும் மாணவர் விடுதி அறையிலிருந்தே இதைச் செய்து பார்க்கலாம்.

புயலுக்குத் தனிக்கணக்கு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த கடல் இது. சுழலி நின்றிருக்கும், மின்சாரம் போயிருக்கும், காற்றை நோக்கித் திரும்ப முடியாது, காற்றோ சில மணியில் திசை மாறும், பழைய அலை பழைய திசையிலேயே அடித்துக்கொண்டிருக்கும்.

இழுத்துப்போவதையும் மறந்துவிடுகிறார்கள். ஸ்காட்லாந்துக் கடலில் 2017 முதல் ஓடிய ஹைவிண்ட் காற்றாலைகளைப் பெரிய பழுதுபார்ப்புக்காக 2024-இல் நார்வேக்கு இழுத்துப்போனார்கள். அதே ஸ்காட்லாந்துக் கடலில் உள்ள கின்கார்டின் மிதவைப் பண்ணையின் காற்றாலை ஒன்று 2022-இல் ரோட்டர்டாம் போய்வந்தது. அப்படிப் போகிற நாட்களில் சுழலி நின்றுகிடக்கும், ஆட்டத்தை அடக்கக் காற்றின் உதவி இல்லை. அந்த நாட்களின் சோர்வையும் ஆயுள் கணக்கில் ஏற்றவேண்டும். ஒரு போக்குவரத்து இல்லை, இரண்டு மூன்றாவது வைக்கவேண்டும்.

கடைசியாக, பத்து மீட்டர் விட்டமுள்ள வளையம் எந்த நான்குவழிச் சாலைப் பாலத்துக்குக் கீழும் நுழையாது. டிரெய்லரில் போகும் குழாய்களின் அளவைத் தீர்மானிப்பதே அந்தப் பாலங்கள்தான். ஆகவே உருட்டுவதும் பற்றவைப்பதும் தூத்துக்குடி மாதிரி ஒரு துறைமுகக் கரையில்தான் நடக்கும்; தகடு தட்டையாக வந்து சேரும். கப்பலூர் சிட்கோ போன்ற இடத்துப் பட்டறைகளுக்கு வாய்ப்பு உள்தளங்கள், ஏணிகள், கேபிள் தட்டுகள், காந்தப் பிடிகளில். அவற்றுக்கான வரைபடத்தில் 'கோபுரச் சுவரில் பற்றவைக்கவும்' என்று ஒரு குறிப்பு இருந்தால், ஆர்டரை எடுப்பதற்கு முன் அந்த இடத்தின் சோர்வு வகுப்பு என்ன என்று எழுதிக் கேளுங்கள்.